‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்



1974ஆம் ஆண்டில் எங்கள் தோட்டத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். அப்பொழுது நான் நான்காம் வகுப்பு மாணவன். என் தாயாரைப் பிரசவத்திற்காக நகரத்து மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். மரம் சீவும் தொழிலாளியாகிய என் தந்தையார், மறுநாள் நண்பகலில் தோட்ட அலுவலகத்திற்குச் சென்றார். கிராணியார் மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து, அதனைத் தந்தையார் கையில் கொடுத்துவிட்டுப் பால் நிறுக்கும் இடத்திற்குப் போய்விட்டார். மறுமுனையில் இருந்தவர் தாயாரின் பெயரைக் கேட்டதும், “ஹோல்ட் த லைன்” என்றார். என் தந்தையார் அறிந்திருந்த ‘லைன்’ ஒன்றே ஒன்றுதான். அது நாங்கள் குடியிருந்த லயம். ‘லயத்திலேயே இருங்கள், செய்தி வரும்’ என்று சொல்வதாக எண்ணி, அவர் தொலைபேசியை வைத்துவிட்டு வீடு திரும்பினார்.

மாலைவரை செய்தி வரவில்லை, இரவும் வரவில்லை. பாட்டியார் விளக்கின் முன் அமர்ந்து அழுதுகொண்டே இருந்தார். மறுநாள் காலையில் கிராணியார் மீண்டும் அழைத்துக் கேட்ட பிறகே, எனக்குத் தங்கை பிறந்திருப்பதும், தாயும் சேயும் நலமாயிருப்பதும் தெரிந்தன. ‘தொலைபேசியை வைத்துவிடாமல் சற்றுக் காத்திருங்கள்’ என்பதே அத்தொடரின் பொருள் என்று கிராணியார் விளக்கினார். தந்தையாருக்கு அச்சொல் தெரியும். அதன் ஒரு பொருள் மட்டுமே தெரியும். எங்கள் ஓரிரவுத் துயரத்திற்கு அதுவே காரணமாயிற்று.

இத்தனை பொருள்கள் ஒரு சிறு சொல்லுக்கு எவ்வாறு வந்தன? அதனை இங்குக் காண்போம்.

சொல்லின் பிறப்பு

ஆளி என்னும் செடியை நீங்கள் அறிந்திருக்கலாம். அதன் விதையிலிருந்து எண்ணெயும், தண்டிலிருந்து நாரும் எடுப்பர். அந்நாரினால் நெய்த துணியே ‘லினன்’. இலத்தீன் மொழியில் அச்செடிக்கு ‘லீனும்’ என்று பெயர். அந்நாரினால் திரித்த நூலை ‘லீனியா’ என்றனர். அதிலிருந்து வந்ததே ‘லைன்’ என்னும் சொல். ஆகவே, இச்சொல்லின் அடிப்படைப் பொருள் நூல் அல்லது கயிறு என்பதாகும். இதனை மனத்தில் கொண்டால், மற்றப் பொருள்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கும்.

கயிறும் கோடும்

துணி உலர்த்தும் கொடியும், தூண்டிற்காரர் நீரில் விடும் நரம்பும் ‘லைன்’ எனப்படுகின்றன. இவை கயிறு என்னும் பழைய பொருளையே காட்டுகின்றன. தொலைபேசி கம்பியின் வழியாகப் பேசியதால் அதுவும் ‘லைன்’ ஆயிற்று. இன்று கைப்பேசிக்குக் கம்பியே இல்லை; ஆயினும் ‘லைன் கிடைக்கவில்லை’ என்றுதான் சொல்கிறோம். நம் தேசிய மொழியாகிய மலாயிலும் தொலைபேசித் தொடர்புக்குத் ‘தாலியான்’ என்று பெயர். அது கயிற்றைக் குறிக்கும் ‘தாலி’ என்னும் மலாய்ச் சொல்லிலிருந்து பிறந்தது.

கயிற்றை இழுத்துக் கட்டினால் நேராக நிற்கும். கொத்தனார் நூல் பிடித்துச் சுவர் எழுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரிய நூலைப் போல் வரையப்படும் கோட்டிற்கும் ‘லைன்’ என்னும் பெயர் ஏற்பட்டது. உங்கள் குறிப்பேட்டில் உள்ள கோடு, முதியோர் நெற்றியில் விழும் சுருக்கம் ஆகிய இரண்டும் அவ்வாறே அழைக்கப்படும். நமக்குத் தெற்கே போந்தியானாக் நகரின் வழியே செல்லும் நிலநடுக்கோட்டையும் கப்பலோட்டிகள் ‘லைன்’ என்றே குறிப்பிடுவர்.

வரிசையும் லயமும்

கோட்டின்மேல் நிற்பவை வரிசையாக நிற்கும். ஆதலால் ‘ஸ்டாண்ட் இன் லைன்’ என்று ஆசிரியர் கூறினால், வரிசையில் நில்லுங்கள் என்பது பொருள். எழுத்துகள் வரிசையாக அமைந்த வரியும், பாட்டின் அடியும் ‘லைன்’களே. தோட்டங்களில் ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து அறைகளைக் கட்டித் தொழிலாளர்களைக் குடிவைத்தனர். அவ்வீட்டு வரிசையை அக்காலத்துத் துரைமார் ‘லைன்’ என்றனர். நம் முன்னோர் நாவில் அது ‘லயம்’ ஆயிற்று. இசையில் வரும் லயம் வேறு; அது வடமொழிச் சொல். இன்று பல தோட்டங்களில் லயங்கள் மறைந்துவிட்டன. ஆனால் சொல் மறையவில்லை.

இருப்புப் பாதையும், ஒருவர் செய்யும் தொழில்துறையும் கூட ‘லைன்’ எனப்படுவதுண்டு. வினைச்சொல்லாக வரும்போது, சட்டைக்கு உள்துணி வைத்துத் தைப்பதைக் குறிக்கும். முற்காலத்தில் லினன் துணியையே உள்ளே வைத்துத் தைத்தனர் என்பதே அதன் காரணம்.

‘டெட்லைன்’ என்னும் சொல்லுக்கு ஒரு சோக வரலாறு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் ஓர் எல்லைக்கோடு இருந்தது. அதனைத் தாண்டிய கைதி சுடப்படுவான். அக்கோட்டின் பெயரே பிற்காலத்தில், ஒரு வேலையை முடிக்க வேண்டிய இறுதிக் கெடுவைக் குறிக்கலாயிற்று.

நம் மொழியிலும் உண்டு

இவ்வியல்பு ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. ‘அடி’ என்பது பாதமாகும், பன்னிரண்டு அங்குலமாகும், பாட்டின் வரியாகும், குறும்பு செய்தால் முதுகிலும் விழும்! ‘நிரை’ என்பது பழந்தமிழில் பசுக்கூட்டம். தோட்டத்தில் அது ரப்பர் மரங்களின் வரிசை. யாப்பிலக்கணத்தில் ஒருவகை அசை. ‘நூல்’ என்னும் சொல்லையும் எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் நூல் கோடாக மாறியது. தமிழில் நூல் புத்தகமாக மாறியது. தச்சன் பிடிக்கும் நூல் மரத்தின் கோணலைப் போக்குவதுபோல, கற்கும் நூல் மனத்தின் கோணலைப் போக்கும் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் உவமை காட்டுகிறார்.

பொருளை அறியும் வழி

ஒரு சொல்லைத் தனியே பிரித்துப் பொருள் காண முயலாதீர்கள். அதன் முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பாருங்கள். பேசுபவர் யார், இடம் எது என்பதையும் எண்ணுங்கள். ‘ஃபிஷிங்’ முன்னே வந்தால் தூண்டில் நரம்பு. ‘ரயில்வே’ வந்தால் இருப்புப் பாதை. ‘ஹோல்ட்’ வந்து தொலைபேசியும் கையில் இருந்தால், காத்திருக்க வேண்டும் என்பது பொருள். ஐயம் எழுந்தால் அகராதியைப் புரட்டுங்கள். முதற்பொருளோடு நிறுத்திவிடாமல் எல்லாப் பொருள்களையும் படியுங்கள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை ஒரு சொல்லுக்குப் புதிய பொருள் கூறினால், “அப்படி இல்லை” என்று உடனே மறுத்துவிடாதீர்கள். எங்கே கேட்டாய் என்று வினவுங்கள். அந்நிகழ்ச்சிக்குப் பின் என் தந்தையார் அவ்வாறுதான் செய்தார். நாள்தோறும் மாலையில், பள்ளியில் நான் கற்ற சொற்களுள் ஒன்றைச் சொல்லச் சொல்லி, “இதற்கு வேறு பொருள் உண்டா?” என்று கேட்பார். அவர் கேட்ட அக்கேள்வியே என்னை ஆசிரியனாக்கியது. அதனை இன்று உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க கல்வி!