தெருமுனையில் நிற்கும் கண்ணாடி இழை

புது தில்லி: தலைநகரில் கம்பத்துக்குக் கம்பம் கருப்புக் கேபிள்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. அவற்றில் பலவற்றினுள் ஓடுவது, தலைமுடியைவிடச் சற்றே பருமனான கண்ணாடி இழை. ஒரு முழுநீளத் திரைப்படத்தைச் சில நொடிகளில் கொண்டுசேர்க்கும் வல்லமை கொண்ட அந்த இழை, கம்பத்துக்கு எதிரே உள்ள வீட்டின் மூன்றாவது மாடிக்கு ஏறி வர வாரக்கணக்கில் ஆகிறது. சில வீடுகளுக்கு வருவதே இல்லை. யானை நுழைந்தபின் வால் மாட்டிக்கொண்ட கதைதான்.

விண்ணப்பிப்பது எளிது. பிராட்பேண்ட் நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டியதும், ஊழியர் வருவார் என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. வருகிற ஊழியர் கம்பத்தைப் பார்க்கிறார், மாடியைப் பார்க்கிறார், யாருடனோ பேசுகிறார். பிறகு "ஃபீசிபிலிட்டி இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அதாவது, இணைப்புத் தருவது தொழில்நுட்ப ரீதியில் சாத்தியமில்லையாம். அடுத்த வீட்டில் அதே நிறுவனத்தின் இணைப்பு இருக்கும்போது இங்கு மட்டும் ஏன் சாத்தியமில்லை என்பதற்குப் பெரும்பாலும் விளக்கம் கிடைப்பதில்லை.

விளக்கம் தெருவிலுள்ள ஒரு சிறு பெட்டிக்குள் இருக்கிறது. நிறுவனத்தின் நிலையத்திலிருந்து புறப்படும் ஒற்றை இழையை, 'ஸ்பிளிட்டர்' எனப்படும் கருவி எட்டாகவோ பதினாறாகவோ முப்பத்திரண்டாகவோ பிரித்து வீடுகளுக்கு அனுப்புகிறது. எட்டு முனைகள் கொண்ட பெட்டியில் எட்டும் நிரம்பிவிட்டால் ஒன்பதாவது வீட்டுக்கு இடமில்லை. இன்னொரு ஸ்பிளிட்டர் வைக்கலாம். புதிய இழையை இழுத்துவந்து, அதற்கான இயந்திரத்தைக் கொண்டு உருக்கி ஒட்டலாம். இதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை. ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக அந்தச் செலவைச் செய்ய நிறுவனத்துக்கு மனமில்லை, அவ்வளவுதான். இன்னும் நாலைந்து பேர் கேட்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். வியாபாரக் கணக்குக்குத் தொழில்நுட்பச் சாயம் பூசப்படுகிறது.

இந்தச் சொல்லுக்கு அரசு விதியிலேயே இடம் கொடுக்கப்பட்டது என்பதுதான் வேடிக்கை. டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2006-ல் வகுத்த பிராட்பேண்ட் சேவைத் தர விதிமுறைகள், 15 வேலை நாள்களுக்குள் அனைவருக்கும் இணைப்பு வழங்கப்பட வேண்டும் என்றன. பணம் பெற்றுக்கொண்டு தாமதித்தால் நாளொன்றுக்கு 10 ரூபாய் வீதம் முதல் பில்லில் கழிக்க வேண்டும் என்றும் கூறின. ஆனால், 'தொழில்நுட்பச் சாத்தியத்துக்கு உட்பட்டு' என்ற சொற்களும் உடன் இருந்தன. அந்தச் சாத்தியத்தை முடிவு செய்வது நிறுவனம். அதன் முடிவைச் சரிபார்க்க விண்ணப்பதாரரிடம் என்ன இருக்கிறது? தொலைபேசி, கைப்பேசி, பிராட்பேண்ட் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக இருந்த விதிமுறைகளை ஒன்றாக்கி, 2024 அக்டோபர் முதல் டிராய் நடைமுறைப்படுத்தியுள்ளது. எனினும் பெட்டிக்குள் எத்தனை முனைகள் காலியாக உள்ளன என்பதை மூன்றாவது மாடிக்காரர் அறிந்துகொள்ள இன்றும் வழியில்லை.

பெட்டியில் இடமிருந்தாலும் அடுத்த தடை வாசலில் நிற்கிறது. அடுக்குமாடி வளாகங்களில் குடியிருப்போர் நலச் சங்கமோ கட்டுமான நிறுவனமோ ஏதாவது ஒரு பிராட்பேண்ட் நிறுவனத்துடன் மட்டும் ஒப்பந்தம் செய்துகொண்டு, மற்றவர்களை உள்ளே விட மறுப்பது புதிதல்ல. இத்தகைய ஏகபோக ஒப்பந்தங்களுக்குத் தடை விதிக்க வேண்டும் என்று 2017 ஜனவரியிலேயே டிராய் அரசுக்குப் பரிந்துரைத்தது. கட்டடங்களின் இணைய வசதிக்கு மதிப்பெண் வழங்கும் திட்டத்துக்கான விதிமுறைகளையும் 2024 அக்டோபரில் வெளியிட்டது. புதிதாக வீடு வாங்குவோருக்கு அது பயன்படலாம். ஏற்கெனவே குடியிருப்பவர், சங்கச் செயலரின் வீட்டு அழைப்பு மணியை அழுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

வாடகைக்கு இருப்பவர் நிலை இன்னும் மோசம். சுவரில் துளையிட வீட்டு உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். மாடிப்படி வழியாகக் கேபிள் வர கீழ்த்தளத்துக்காரர் சம்மதிக்க வேண்டும். தளத்துக்கு ஓர் உரிமையாளர் என்று தனித்தனியாக விற்கப்பட்ட தில்லி வீடுகளில் மொட்டை மாடி யாருக்குச் சொந்தம் என்பதிலேயே வழக்கு இருக்கும். கேபிள் அந்த மொட்டை மாடி வழியாகத்தான் வந்தாக வேண்டும். இதற்கிடையே, அந்தப் பகுதியில் பல ஆண்டுகளாகத் தொலைக்காட்சி இணைப்புத் தந்துவரும் கேபிள்காரர், தன் எல்லைக்குள் வேறொருவர் கம்பி இழுப்பதை எளிதில் விரும்புவதில்லை. இரவோடு இரவாகக் கேபிள் அறுந்து போவதும், அறுத்தது யார் என்று தெரியாமலே போவதும் உண்டு.

பொதுச் சாலையைப் பொறுத்தவரை சட்டம் ஓரளவு முன்னேறியிருக்கிறது. வழித்தட உரிமை குறித்த 2016-ம் ஆண்டு விதிகள், கேபிள் பதிக்கக் கோரும் விண்ணப்பத்தின் மீது 60 நாள்களுக்குள் முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கருதப்படும் என்றன. மின்கம்பம் போன்றவற்றில் கேபிளைக் கட்டிச் செல்ல, கம்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்க்கு மேல் வசூலிக்கக் கூடாது என 2022-ல் வரம்பு விதிக்கப்பட்டது. 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட புதிய விதிகள் 2025 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளன. தனியார் கட்டடம் என்றால் மட்டும், உரிமையாளருடன் பேசி உடன்பாடு காணுங்கள் என்று சட்டம் ஒதுங்கிக்கொள்கிறது. பொதுநலன் கருதி மத்திய அரசு தலையிட இடமுண்டு என்றாலும், ஒரு குடும்பத்தின் இணைய இணைப்புக்காக அந்த அதிகாரம் பயன்படுத்தப்படும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இணைப்புக் கிடைத்தவர் நிம்மதியும் நிரந்தரமல்ல. குடிநீர்க் குழாய்க்கும் எரிவாயுக் குழாய்க்கும் தோண்டும்போது ஆண்டுதோறும் சுமார் 10 லட்சம் முறை கண்ணாடி இழைக் கேபிள்கள் துண்டிக்கப்படுவதாகவும், அதனால் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்றும் மத்திய அரசே கணக்குச் சொன்னது. தோண்டும் முன் தகவல் தெரிவிப்பதற்கான கைப்பேசிச் செயலியை 2023 மார்ச்சில் பிரதமர் தொடங்கிவைத்தார்.

நாட்டில் பிராட்பேண்ட் இணைப்புகள் 2024 இறுதியில் 94 கோடியைத் தாண்டியிருந்தன. அவற்றில் கம்பி வழியாக வீட்டுக்கு வந்தவை 4 கோடிக்குச் சற்று அதிகம். மற்றவை பெரும்பாலும் கைப்பேசி இணைப்புகள். நகரத்திலேயே இந்த நிலை என்றால் கிராமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டரை லட்சம் ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பின்னர் அது 'பாரத்நெட்' ஆனது. ஆயிரம் நாள்களில் ஆறு லட்சம் கிராமங்களுக்கும் இழை சென்றுசேரும் என்று 2020 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்டது. ஆயிரம் நாள் முடிந்து சில மாதங்களில், அதாவது 2023 ஆகஸ்டில், 1,39,579 கோடி ரூபாய் மதிப்பீட்டில் திட்டம் திருத்தியமைக்கப்பட்டது. ஊராட்சி அலுவலகம் வரை இழை போவது வேறு, அங்கிருந்து வீடுகளுக்குப் போவது வேறு என்பதை இப்போது அரசும் உணர்ந்திருக்கிறது. வீடுகளுக்கு இணைப்புத் தரும் பொறுப்பு, வருவாயில் பங்கு பெறும் உள்ளூர்த் தொழில்முனைவோரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு எதிரான புகாரை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பில் தகராறும் வேகக் குறைபாடும் உள்ளவர்களுக்கு இது பெரும் ஆறுதல். 'சாத்தியமில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கோ கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பக் கிடைத்துவிடுகிறது. வழக்காடக் கையில் ரசீதுகூட மிஞ்சுவதில்லை. 5ஜி அலைவரிசை மூலம் வீட்டுக்குக் கம்பியில்லா பிராட்பேண்ட் வழங்கும் சேவை 2023 முதல் விற்பனையில் உள்ளது. இழை கேட்டவரிடம் இப்போது அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள்.