கதவைத் திறந்ததும் விளக்கைப் போடாதீர்கள்!

டிசம்பர் மாதம் பிறந்ததும் பெங்களூருவில் குளிர் ஏறிவிடுகிறது. சந்தாபுரா, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி ஆகிய பகுதிகளில் வாடகை வீடுகளில் குடியிருக்கும் நம் குடும்பங்கள் மாலையிலேயே சன்னல்களை அடைத்துவிடுகின்றன. கிறிஸ்துமஸ் பலகாரங்களுக்காக அடுப்பு இரவு வெகுநேரம் எரிகிறது. பண்டிகை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு பலர் ஊருக்குப் புறப்படுகிறார்கள். அடைத்த சன்னலும், ஓயாத அடுப்பும், பூட்டிய வீடும் ஒன்று சேரும் இந்நாட்களில் சமையல் வாயுவைக் குறித்துச் சற்று விழிப்பாயிருப்பது அவசியம்.

2025ஆம் ஆண்டு மே மாதம் பெங்களூருவை அடுத்த அடகமாரனஹள்ளியில் ஒரு வீட்டில் சிலிண்டரிலிருந்து வாயு கசிந்தது. பூசைக்காக ஏற்றிய விளக்கிலிருந்து தீப்பற்றியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. வீட்டைச் சேர்ந்த ஒருவரும், உதவி செய்ய ஓடிவந்த அண்டை வீட்டார் ஒருவரும் உயிரிழந்தனர். மெழுகுவர்த்தி ஏற்றும் நம் வீடுகளுக்கும் இது ஓர் எச்சரிக்கையே.

வாயுவின் இயல்பு

சமையல் வாயுவுக்கு இயற்கையில் மணம் கிடையாது. கசிவை நாம் அறிந்துகொள்ளும்படி எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றமுள்ள பொருளை அதில் கலக்கிறார்கள். இவ்வாயு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. ஆகவே அது மேலே எழும்பிப் போய்விடாமல், தரையோடு பரவிக் கட்டிலின் அடியிலும் அறை மூலைகளிலும் தேங்குகிறது. காற்றில் ஏறத்தாழ 2 முதல் 9 விழுக்காடு வரை அது கலந்திருந்தால் ஒரு சிறு பொறியே தீப்பிடிக்கப் போதுமானது. சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் அதனுள்ளே அத்தகைய பொறி தோன்றுகிறது.

ஊருக்குச் சென்று பேருந்தில் விடியுமுன் வந்திறங்கி, இருட்டில் கதவைத் திறப்பவரின் கை முதலாவது எங்கே செல்கிறது? சுவிட்சைத்தான் தேடுகிறது. நாலைந்து நாட்கள் பூட்டிக்கிடந்த வீட்டில் வாயு கசிந்திருந்தால், அந்த ஒரு செயலே பேராபத்தாகிவிடும். ஆதலால் வாசலில் நின்று, சற்றுக் குனிந்து முகர்ந்து பாருங்கள். நாற்றம் இல்லையென்று உறுதியான பிறகே விளக்கைப் போடுங்கள். புறப்படும்போது அடுப்பின் திருகுகளை மாத்திரமல்ல, ரெகுலேட்டரையும் மூடிவிட்டுச் செல்லுங்கள். பல நாள் பயணமானால் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரின் வாயில் பாதுகாப்பு மூடியைப் பொருத்திவிடுவது மேலும் நல்லது.

நாற்றம் வந்தால்

எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எரியும் மெழுகுவர்த்தி இருந்தால் அணைத்துவிடுங்கள். அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, பிள்ளைகளையும் முதியவர்களையும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். வாயு பலமாகச் சீறிக்கொண்டிருந்தால் எதையும் தொடாமல் உடனே வெளியேறுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட வேண்டாம். கைப்பேசியை வெளியே வந்தபின் பயன்படுத்துங்கள். வாயுக்கசிவுக்கான அவசர எண் 1906. தீப்பற்றிவிட்டால் 101 அல்லது 112. அண்டை வீட்டாரையும் எச்சரியுங்கள். ஆனால் யாரும் உள்ளே ஓட இடங்கொடாதீர்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

அடுப்பு எப்பொழுதும் சிலிண்டரைவிட உயரமான மேடையில் இருக்கட்டும். தரையில் அடுப்பை வைத்து அருகிலேயே சிலிண்டரை நிறுத்துவது ஆபத்தானது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சுரக்ஷா குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெடிப்புக் கண்டால் அன்றே மாற்றுங்கள். கசிவைச் சோதிக்கத் தீக்குச்சி உரசாமல் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி எழும்பும் இடத்தில் கசிவு உண்டு. சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் காணப்படும். 'ஏ' என்றால் மார்ச், 'பி' என்றால் ஜூன், 'சி' என்றால் செப்டம்பர், 'டி' என்றால் டிசம்பர் வரை. அந்தக் காலம் கடந்த சிலிண்டரைப் பெற்றுக்கொள்ளாதீர்கள்.

முகவரிச் சான்று இல்லாதவர்கள் கடைகளில் கள்ளத்தனமாக நிரப்பித் தரும் சிறு சிலிண்டர்களை வாங்குவதுண்டு. அது வேண்டாம். எண்ணெய் நிறுவனங்களின் 5 கிலோ சிலிண்டரை அடையாளச் சான்று மாத்திரம் காட்டிப் பெறலாம். இணைப்பு உள்ளவர்கள் வீடு மாறியவுடன் முகவரியையும் மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணெய் நிறுவனங்களின் விபத்துக் காப்பீட்டில், வீட்டுப் பொருட்களின் சேதத்திற்கான ஈடு பதிவு செய்யப்பட்ட முகவரிக்கே உரியது.

கேஸ் கீசரில் குளிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடைத்த குளியலறையில் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகலாம். அதற்கு நாற்றமே இல்லை. மயக்கம் வந்தபின் கதவைத் திறக்கவும் பெலன் இராது. கீசரைக் குளியலறைக்கு வெளியே பொருத்துங்கள். அதுவரை காற்றுப்போக்கியை ஒருபோதும் அடைக்காதீர்கள்.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. அடுப்பை அணைத்து, பெரிய தட்டால் மூடிவிடுங்கள். மெழுகுவர்த்தியைத் திரைச்சீலைக்கும் வைக்கோல் குடிலுக்கும் தூரமாய் வையுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையற்கட்டின் தீ கீற்றுக் கூரையைப் பற்றி 94 பிள்ளைகள் மாண்டதை நாம் மறக்கலாகாது.

வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டுமென்று உபாகமம் 22ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. கர்த்தர் காப்பார் என்று விசுவாசிக்கிறவர்களுக்கே அக்கட்டளை கொடுக்கப்பட்டது. ஆகவே இந்த வாரமே குழாயையும் ரெகுலேட்டரையும் சோதித்துப் பாருங்கள். 1906 என்ற எண்ணைக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.