தவறக்கூடாத முறை

பழவேற்காடு ஏரியை நம்பி வாழும் மீனவர் குப்பங்களில் ‘பாடு’ என்றொரு ஏற்பாடு நெடுங்காலமாக இருந்து வருகிறது. இறால் அகப்படும் இடங்களில் இன்னார் இன்ன நாளில் வலையிட வேண்டுமென்று ஊரார் கூடி முறை வகுத்துக்கொள்வார்கள். ஒரு நாள் வலை நிறையாவிட்டாலும் பாதகமில்லை. முறை மறுபடியும் வரும்.

குழந்தையின் தேகத்துக்கோ அத்தகைய சலுகை இல்லை. கருவுற்றது முதல் இரண்டு வயது நிறையும் வரை சுமார் 1,000 தினங்கள். மூளை வளர்ச்சியில் பெரும்பகுதி அதற்குள் நடந்தேறி விடுகிறது. அப்போது நேர்ந்த போஷணைக் குறைவைப் பின்னர் பள்ளிக்கூடத்தில் ஈடு செய்வது மிகக் கடினம்.

ஆயுள் முழுவதும் அதன் நிழல் தொடரும். இங்கிலாந்தில் ஹெர்ட்போர்ட்ஷயர் என்னும் ஜில்லாவில், 1911 முதற்கொண்டு சிசுக்களைப் பிறந்தபோதும் ஒரு வயதிலும் நிறுத்துக் குறித்து வைத்தார்கள். அக்கணக்கைப் பிற்காலத்தில் ஆராய்ந்த டாக்டர் டேவிட் பார்க்கர், ஒரு வயதில் எடை குறைந்திருந்த ஆண்களிடையே இருதய நோயால் மரணம் அதிகம் என்று 1989-ல் வெளியிட்டார்.

நம் தேசத்தில் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய திட்டத்தின் அங்கன்வாடிகளிலும் தராசு இருக்கிறது. அதில் குழந்தையை மாதந்தோறும் நிறுத்துப் பார்ப்பது வீண் வேலையன்று. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பிறகு தாய்ப்பாலுடன் குழைந்த சோறும், முள் நீக்கி மசித்த மீனும் கொடுக்கலாம். மடியில் வைத்துப் பேசுவதும் பாடுவதும் அறிவுக்கு உணவாகும்.

பிடித்த மீன் யாவும் சந்தைக்கே போகவேண்டுமா? கூடை புறப்படுமுன் ஒரு பிடி வீட்டில் தங்கட்டும்.