ஊர் ஓரத்தில் மோட்டார் பந்தயத் திடல் வந்தால்

(வானொலிப் பேச்சு)



மோட்டார் பந்தயம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்தவர்கள் உங்களிலேயே இருக்கலாம். பிறகு இருங்காட்டுக்கோட்டையிலும், கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்திலும் தனித் திடல்கள் வந்தன. இவை தார்ப் பாதைகள். மண்ணிலேயே மேடு கட்டி பைக்கைத் தாவவிடும் திடல் இன்னொரு வகை. அதற்குச் செலவு குறைவு. மேடும் பள்ளமுமான மானாவாரி நிலம் இருந்தால் போதும். ஆகவே கிராமத்தைத் தேடி வரக்கூடியது இந்த வகைதான்.

"ஞாயித்துக்கிழமை மட்டும்தானே சார், ஓட்டிட்டுப் போகட்டுமே" என்றார் ஒரு தம்பி. "ஞாயித்துக்கிழமை என் மாடு கறக்காதா?" என்று பக்கத்தில் இருந்த பெரியவர் திருப்பிக் கேட்டார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருநாள் ரேக்ளா பந்தயம் நடந்தால் நாமே போய்க் கை தட்டுகிறோம். வாரா வாரம் என்றால் சங்கதி வேறு.

சத்தத்தை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். வெட்டவெளியில், தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். பைக்கிலிருந்து 15 மீட்டரில் 100 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டரில் 94, 60 மீட்டரில் 88. இப்படியே போனால் 480 மீட்டரில் 70, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் 64. இது ஒரு பைக்குக்கு. அதே மாதிரி பத்து பைக் சேர்ந்து ஓடினால் இன்னும் 10 டெசிபல் கூட்டிக்கொள்ளுங்கள். நடுவில் கட்டடமோ மேடோ இருந்தால் குறையும். காற்று உங்கள் பக்கம் அடித்தால் கூடும். சாயங்காலமும் விடியற்காலையும் தரையோரக் காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது மேலே போகிற சத்தம் வளைந்து கீழே இறங்கும். பகலில் கேட்காத பக்கத்து ஊர்க் கோயில் ஒலிபெருக்கி விடியற்காலையில் கணீரென்று கேட்கிறதே, அதற்குக் காரணம் இதுதான். நம் கறவை நேரமும் அதுதான்.

பசு மிரண்டால் அதன் உடம்பில் ஊறும் ஒரு சுரப்பு, பாலை இறக்கும் சுரப்பைத் தடுத்துவிடும். மடியில் பால் இருக்கும், காம்பில் வராது. ஒரே மாதிரி ஓடும் பம்புசெட் சத்தத்துக்கு மாடு பழகிக்கொள்ளும். உறுமி, அடங்கி, திடீரென்று மறுபடி உறுமுகிற சத்தத்துக்குச் சீக்கிரம் பழகாது. கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இதைவிடக் கஷ்டம். குஞ்சுகள் மிரண்டு ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

"சுத்திலும் சவுக்கு நட்டுடறோம்" என்பார்கள். ஒரு வரிசைச் சவுக்கு புழுதியைக் கொஞ்சம் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. சத்தத்துக்கு உயரமான மண்கரைதான் பயன் தரும், அதுவும் திடலை ஒட்டியே இருக்க வேண்டும். அந்த மண்ணை எங்கே வெட்டப் போகிறார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.

புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்தாக வேண்டும். ஐந்து ஏக்கர், அதாவது இரண்டு ஹெக்டேர் ஓடுபாதையில் இரண்டு மில்லிமீட்டர் தெளித்தாலே ஒரு தடவைக்கு 40,000 லிட்டர். கோடையில் மதியத்துக்குள் காய்ந்துவிடும், மறுபடி தெளிக்கணும். அது யார் போர் தண்ணீர்? தெளிக்காமல் விட்டால் பக்கத்து மல்பெரி இலையில் புழுதி படியும், பட்டுப்புழு அதைச் சரியாகத் தின்னாது. மழை பெய்தாலோ, இறுகிப்போன அந்தத் தரையில் தண்ணீர் இறங்காமல், வண்டலையும் சிந்தின எண்ணெயையும் அள்ளிக்கொண்டு வாய்க்கால் வழியே ஏரிக்குப் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவில் 45. ஆனால் வரம்பைவிட 10 டெசிபல் கூடினால்தான் புகார் கொடுக்க அந்த விதி இடம் தருகிறது. மேலும் இந்த 55 என்பது நேரத்துக்குச் சராசரி. 70 டெசிபலில் பத்து நிமிஷம் உறுமிவிட்டு ஐம்பது நிமிஷம் ஓய்ந்தால், அந்த ஒரு மணிக்குக் கணக்கில் 62 என்றுதான் வரும். மாட்டுக்குச் சராசரி தெரியாது!

இங்கிலாந்தில் மில்டன்ஹால் என்ற ஊர்ப்பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு பந்தய அரங்கமும், அதன் பின்னால் 1992-இல் அனுமதி பெற்ற மண் திடலும் இருந்தன. மண் திடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஒரு வீட்டை 2006-இல் இரண்டு பேர் வாங்கினார்கள். சத்தம் தாங்காமல் வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் ஜெயித்து, அப்பீலில் தோற்று, கடைசியில் 2014-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். திடலுக்கு அரசு அனுமதி இருப்பதாலேயே அக்கம்பக்கத்தாரின் உரிமை போய்விடாது என்பது தீர்ப்பு. அது நம் கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாது. நான் இதைச் சொல்வது தீர்ப்புக்காக அல்ல, அதற்குப் பிடித்த வருஷங்களுக்காக. கட்டி முடிந்த பிறகு வழக்கு நடத்துவது நம்மில் எத்தனை பேருக்கு முடியும்?

ஆகவே நிலத்தில் ஜேசிபி இறங்குவதற்கு முன்னால் கிராம சபையில் கேளுங்கள். வருஷத்துக்கு எத்தனை நாள், எந்த மணிக்கு எந்த மணி வரை, ஒரே நேரத்தில் எத்தனை வண்டி, தண்ணீர் எங்கிருந்து, மழைநீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வேலை கிடைக்கும் என்றால், எத்தனை பேருக்கு, எத்தனை நாள் என்பதையும் எழுதட்டும். ஊர் இப்போது அமைதியாக இருக்கும்போதே சத்தத்தை அளந்து வைக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனுக் கொடுங்கள். செல்போனில் அளப்பது நமக்குத் தோராயம் தெரிந்துகொள்ள மட்டும்தான்.

இன்னொன்று. ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பைக் போதாது. பத்து பைக்கையும் ஒன்றாக, சாயங்காலம் கறவை நேரத்தில் ஓட்டட்டும். நீங்கள் திடலுக்குப் போக வேண்டாம். உங்கள் தொழுவத்தில் மாட்டுப் பக்கத்தில் நின்று கேளுங்கள்.