காளான் படுக்கைக்கு ஓர் ஆவி டிரம்

கட்சால் என்ற பெயரை நம்மில் பலர் இரண்டே காரணங்களுக்காகக் கேள்விப்பட்டிருப்போம். 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று புத்தாயிரத்தின் முதல் சூரியோதயத்தைக் காண ஆட்கள் கப்பலேறிப் போன தீவு அது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நிக்கோபார் தீவுகளிலேயே மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த தீவும் அதுதான். தமிழர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் இங்குள்ள ரப்பர் தோட்டத்தில் வேலைக்குக் குடியமர்த்தப்பட்டார்கள். நிக்கோபார் மக்களின் தென்னந்தோப்புகளும் அரசின் ரப்பர் மரங்களும் சேர்ந்ததுதான் கட்சாலின் பசுமை.

தென்னையும் ரப்பரும் இருக்கும் இடத்தில் காளானுக்கான தீனியும் இருக்கிறது. பால் வற்றிய ரப்பர் மரத்தை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் வெட்டிவிடுவார்கள். அந்த மரத்தின் அறுப்புத்தூளில்தான் மலேசியாவிலும் தாய்லாந்திலும் பெருமளவு சிப்பிக் காளான் விளைகிறது. தென்னை ஓலைக்காம்பு, குலைக்கழிவு ஆகியவற்றில் சிப்பிக் காளான் வளர்க்கும் வழியைக் காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்து சொல்லியிருக்கிறது. நெல் வயல் இல்லாத தீவில் வைக்கோலுக்குக் கப்பலை எதிர்பார்க்க வேண்டியதில்லை. போர்ட் பிளேரில், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், உள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் தீவுவாசிகளுக்குக் காளான் வளர்ப்பைக் கற்றுத்தருகிறது. பறித்த சிப்பிக் காளான் ஓரிரு நாளில் வாடி நீர்விட்டுவிடும். கப்பல் பயணத்தை அது தாங்காது. ஆகவே கட்சாலில் காளான் சாப்பிட வேண்டுமானால் கட்சாலிலேயே வளர்த்தாக வேண்டும்.

ஆண்டில் பெரும்பகுதி மழை, எப்போதும் ஈரக்காற்று, முப்பது டிகிரியை ஒட்டிய வெயில். சிப்பிக் காளானுக்கும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை நிலையம் தந்த பால் காளானுக்கும் இது சொர்க்கம். பச்சைப் பூசணத்துக்கும் இதே காற்றுதான் சொர்க்கம் என்பதில் தொடங்குகிறது சிக்கல்.

அறுப்புத்தூளோ வைக்கோலோ நம் கைக்கு வரும்போதே அதில் ஏராளமான பூஞ்சை வித்துகளும் பாக்டீரியாக்களும் குடியிருக்கின்றன. காளான் பூஞ்சை மரத்தின் கடினமான பாகத்தை நிதானமாகக் கரைத்து உண்ணக்கூடியது. டிரைக்கோடெர்மா போன்ற பச்சைப் பூசணமோ எளிதில் கிடைக்கும் சர்க்கரையை முதலில் அள்ளிக்கொண்டு சில நாட்களிலேயே படுக்கை முழுவதும் பரவிவிடும். அதனால் காளான் வித்து போடுவதற்கு முன் மற்ற குடிகளைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. கார்பெண்டாசிமும் ஃபார்மலினும் கலந்த நீரில் 16 மணி நேரம் ஊறவைப்பது நம் ஊரில் பரவலாக உள்ள வழி. வேலை சுலபம்தான். ஆனால் சாப்பிடப் போகும் பொருளின் படுக்கையைப் பூஞ்சைக்கொல்லியில் நனைத்து, மிச்சக் கரைசலைச் சின்னஞ்சிறு தீவின் மண்ணில் கொட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே வேலையை ஆவி செய்துவிடும். அதற்குப் போதுமான கருவி 200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்று.

கிருமி நீக்கும் கருவி என்றதும் ஆஸ்பத்திரியில் இருக்கும் ஆட்டோகிளேவ் நினைவுக்கு வரும். பாரிஸில் பாஸ்டரோடு பணிபுரிந்த சார்லஸ் சேம்பர்லாண்ட் 1879-இல் உருவாக்கியது அது. காற்றழுத்தத்துக்கு மேல் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி வெப்பம். நம் டிரம்மின் முன்னோடி அதுவல்ல; பெர்லினில் ராபர்ட் கோக்கும் அவருடைய உதவியாளர்களும் 1881-இல் விவரித்த ஆவிக்கலம். உயரமான உருளை, அடியில் தண்ணீர், நடுவே சல்லடைத் தட்டு, மேலே கூம்பு மூடி, சுற்றிலும் வெப்பம் வெளியேறாமலிருக்கக் கம்பளிப் போர்வை. அழுத்தமே கிடையாது. உலர்ந்த சூட்டுக் காற்றில் ஆந்த்ராக்ஸ் உறைவித்துகளைக் கொல்ல 140 டிகிரியில் மூன்று மணி நேரம் வேண்டியிருந்தது. 100 டிகிரி ஆவியில் அவை விரைவில் மடிந்தன. கோக் குழுவின் முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான்.

ஆவிக்கு எங்கிருந்து அந்த வலு? ஒரு கிலோ தண்ணீரை 28 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 300 கிலோஜூல் போதும். கொதிக்கும் அதே ஒரு கிலோவை ஆவியாக மாற்ற மேலும் 2257 கிலோஜூல் தேவை. குளிர்ந்த பொருளின் மேல் பட்டு மறுபடி நீராகும் கணத்தில் ஆவி அவ்வளவையும் அங்கேயே இறக்கிவைக்கிறது. இன்னொன்றும் நடக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1600 லிட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும். அது நீராகிச் சுருங்கும் இடத்தில் வெற்றிடம் உண்டாகி, அடுத்த ஆவி அங்கே இழுக்கப்படும். டிரம்முக்குள் எந்த மூலை இன்னும் குளிர்ந்திருக்கிறதோ அந்த மூலையைத் தேடி ஆவி தானாகவே போகிறது. நாம் திருப்பிவிட வேண்டியதில்லை. ஆவியின் பாதையில் காற்று தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நிக்கோபார் மக்களுக்கு ஆவியின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பெரிய தாழம்பழத்தைத் துண்டாக்கி, சௌரா தீவில் வனைந்த மண்பானையில் இலையிட்டு மூடி, மணிக்கணக்கில் அவித்துக் கூழெடுப்பது அவர்களுடைய பழைய சமையல். நம் வீட்டில் இட்லிப் பானை செய்வதும் இதைத்தான். டிரம்மைப் பெரிய இட்லிப் பானை என்றே நினைத்துக்கொள்ளலாம்.

டிரம் சமையல் எண்ணெய் வந்ததாக இருக்கட்டும். பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த டிரம் எத்தனை முறை கழுவினாலும் இந்த வேலைக்கு ஆகாது. மேற்பக்கம் முழுதாகத் திறக்கும் வகை வேண்டும். குறுக்களவு 57 சென்டிமீட்டர், உயரம் 88 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அடியில் 20 சென்டிமீட்டர் உயரத்தில் கம்பியில் பற்றவைத்த முக்காலி, அதன்மேல் விரலளவு துளைகளிட்ட தகடு. பற்றவைக்க ஆளில்லாத ஊரில் மூன்று கருங்கற்கள் போதும். தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஊற்றினால் ஏறக்குறைய 38 லிட்டர். தகட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளி கட்டாயம் வேண்டும். கொதிக்கும் நீர் தெறித்துப் படுக்கையை நனைத்தால் பிறகு அது அழுகும்.

தண்ணீரைத் தாராளமாக ஊற்றத் தோன்றும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊறிய வைக்கோல் 30 கிலோவை 28 டிகிரியிலிருந்து நூறுக்கு ஏற்ற ஏறத்தாழ 7000 கிலோஜூல் போதும். மூன்று கிலோவுக்குச் சற்று அதிகமான ஆவி நீராகும்போது அவ்வளவும் கிடைத்துவிடும். ஆனால் அடியிலுள்ள 38 லிட்டரைக் கொதிக்க வைக்கவே 11000 கிலோஜூலுக்கு மேல் செலவாகிறது. அளவுக்கு மீறி ஊற்றும் ஒவ்வொரு குடமும் விறகைத்தான் தின்னும். மறுபக்கம், கொதி வந்தபின் 3 கிலோவாட் அளவுக்கு வெப்பம் நீரில் இறங்கினால் மணிக்கு ஐந்து லிட்டர் போய்விடும். ஆறு மணி நேர வேலைக்கு 30 லிட்டர். இடையில் நீரூற்ற, பக்கவாட்டில் ஒரு குழாய் வைத்து, அதன் வாயைத் தகட்டைவிட உயரமாக வளைத்து விடலாம். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி நின்றுபோகும், ஆகவே பக்கத்து அடுப்பில் சுடவைத்த நீரே நல்லது. இட்லிப் பானையில் நாணயம் போட்டுவைக்கும் வழக்கம் இங்கும் உதவும். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை அது டிரம்மின் அடியில் கடகடத்துக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

மூடியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிரம்மோடு மூடியைப் பூட்டும் இரும்பு வளையம் வரும். அதை அன்றே தூக்கி எறிந்துவிட வேண்டும். ஆவி வெளியே போவது வீண் என்று எண்ணி மூடியை இறுக்க நினைப்பவர்கள் உண்டு. 57 சென்டிமீட்டர் மூடியின் மேல் ஆட்டோகிளேவ் அளவு அழுத்தம் ஏறினால் அதைத் தூக்கும் விசை இரண்டரை டன்னுக்கும் மேல். மெல்லிய தகடு அதற்காகச் செய்யப்படவில்லை. மூடி பிய்த்துக்கொள்ளும் கணத்தில், 121 டிகிரியிலிருக்கும் 38 லிட்டர் நீரில் ஒன்றரை கிலோ அப்படியே ஆவியாகி இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் வெடித்துக் கிளம்பும். பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது அரிது. பிரஷர் குக்கரின் மூதாதையைச் செய்த டெனி பப்பான் 17-ஆம் நூற்றாண்டிலேயே அதற்குப் பாதுகாப்பு வால்வும் வைத்தார். வீட்டில் செய்யும் டிரம்முக்கு அந்த வால்வுகூட வேண்டாம். மூடியில் விரல் நுழையும் துளை ஒன்று, மேலே இரண்டு மூன்று ஈரச் சாக்கு. அழுத்தம் ஏறவே வழியிருக்கக் கூடாது.

அழுத்தம் இல்லையென்றால் வெப்பம் 100 டிகிரியோடு நின்றுவிடும். கடல்மட்டத்தில் இருப்பதால் கட்சாலுக்கு அந்த நூறு முழுதாகக் கிடைக்கிறது. உதகையில் இதே டிரம்மை வைத்தால் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குறையும் வெப்பத்தை நேரத்தால் ஈடுகட்ட வேண்டும். எவ்வளவு நேரம் என்பது எதை அவிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊறி, நீர் வடிந்த வைக்கோலையோ தென்னைக் கழிவையோ சாக்கில் தளர்வாகக் கட்டி வைத்தால் ஆவி இழை இழையாக ஊடுருவிப் போகும். துளையில் ஆவி பீறிட்டு வரத் தொடங்கியபின் ஒரு மணி நேரம் போதும். அறுப்புத்தூள் பையின் கதை வேறு. நூறு பங்கு தூள், பத்துப் பங்கு தவிடு, ஒரு பங்கு சுண்ணாம்பு என்பது தென்கிழக்காசியக் கலவை. இதைப் பாலிபுரொப்பிலீன் பையில் அடைத்து, கழுத்தில் வளையமிட்டுப் பஞ்சால் அடைப்பார்கள். சாதாரண பாலித்தீன் பை இந்தச் சூட்டில் குழைந்துவிடும். பைக்குள் ஆவி போக முடியாது. வெப்பம் சுவரிலிருந்து நடுவை நோக்கி மெல்லக் கடத்தப்பட வேண்டும். பையின் தடிமன் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி சூடாக நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். ஆகவே மெலிந்த பைகளாகச் செய்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் விரலிடை விட்டு அடுக்க வேண்டும். நடுவிலுள்ள பைக்குள் வெப்பமானியைச் செருகி, அது 95 டிகிரியைத் தாண்டிய பிறகே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவது நல்லது. அதிலிருந்து ஐந்தாறு மணி நேரம். தீ சீராக எரிய ரப்பர் விறகு. சட்டென்று கொதி எழுப்பச் சிரட்டையும் தென்னை மட்டையும்.

இவ்வளவு செய்தும் டிரம்முக்கு ஓர் எல்லை உண்டு. ஈரமான 60, 70 டிகிரியிலேயே பெரும்பாலான பூஞ்சை வித்துகள் மடிந்துவிடும். பேசில்லஸ் இனப் பாக்டீரியாவின் உறைவித்துகளில் சிலவோ 100 டிகிரியிலும் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வைக்கோல் படுக்கைக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. காளான் வித்தைத் தாராளமாகப் போட்டால் அது முந்திக்கொள்ளும். வித்து தயாரிக்கும் சோளத்துக்கு இது செல்லாது. சத்து மிகுந்த தானியத்தில் எஞ்சிய பாக்டீரியா பெருகினால் புட்டி முழுதும் பிசுபிசுத்துப் புளித்த வாடை வீசும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வித்துச் சோளத்துக்கு 20 பவுண்டு அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் என்று சொல்வது இதனால்தான். வித்தை ஆய்வுக்கூடத்தில் வாங்குவதும் படுக்கையை வீட்டு டிரம்மில் அவிப்பதும்தான் சரியான வேலைப் பிரிவினை.

அவித்து முடித்ததும் ஆறவைக்கும் நேரம்தான் பலர் கவனிக்காத ஆபத்து. டிரம் குளிரும்போது உள்ளேயுள்ள ஆவி நீராகிச் சுருங்கி, வெளிக்காற்றை மூடித் துளை வழியாக உள்ளே இழுக்கும். துளையை அடைத்துவிட்டால் வெளிக்காற்றின் அழுத்தத்தில் டிரம் நசுங்கும். திறந்தே விட்டால் தீவின் ஈரக்காற்றிலுள்ள வித்துகள் அத்தனையும் சுத்தமான படுக்கைக்கு வந்துசேரும். தீயை அணைத்த கையோடு துளையில் பஞ்சைத் தளர்வாக வைத்தால் காற்று வடிகட்டப்பட்டு வரும். இரவில் அவித்து, காலையில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, காற்றோட்டமில்லாத அறையில் பையைத் திறந்து வித்திடலாம். வைக்கோலாக இருந்தால் ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்து பார்க்க வேண்டும். உள்ளங்கை ஈரமாக வேண்டும், சொட்டு விழக் கூடாது. கட்சாலின் மழைக்காலத்தில் வெளியே உலர்த்த வழியில்லாததால் அவிப்பதற்கு முன்பே நன்றாக வடித்துவிடுவது நல்லது.

கடைசியாக டிரம்மின் ஆயுள். கடற்காற்றும் கொதிநீரும் சேர்ந்து தகட்டை அரிக்கும். உப்பேறிய கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் ஆவியில் உப்பு வராது, ஆனால் அடியில் தங்கும் உப்பு துருவை இன்னும் விரைவாக்கும். அதனால் மழைநீரே மேல். ஒவ்வொரு முறையும் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, அடுப்பின் கணகணப்பு இருக்கும்போதே உலரவிட்டு, டிரம்மைக் கவிழ்த்துவைக்க வேண்டும். அடித்தகட்டைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்த்தால் மெலிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். அப்படி ஒலித்தால் ஒட்டுப்போடாமல் வேறு டிரம் தேடிக்கொள்வது நல்லது. முக்காலியும் துளைத்தகடும் புது டிரம்முக்கு அப்படியே பொருந்தும்.