மோட்டார் எஞ்சினின் வெப்பமும் அதனை அறியும் கருவியும்

எஞ்சினின் சூட்டைப்பற்றி யாழ்ப்பாணக் குடாநாட்டார் அறிந்த அளவு பிறர் அறிந்திரார் எனின் அது மிகையாகாது. 1990ஆம் ஆண்டின் பின்னர்ப் பெற்றோல் இங்கு வாராது தடைப்பட்டிருந்த காலத்தில், ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய பழைய வண்டிகள் நம் வீதிகளில் மண்ணெண்ணெயைக் கொண்டே ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அது பற்றிக்கொள்வது அரிது. ஆதலின், சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். எவ்வளவு சூடு போதும் என்பதைச் சாரதி தன் காதினாலும் கையினாலும் அறிந்தான்.

2009ஆம் ஆண்டின் பின்னர் இங்கு பெருகிய யப்பானிய வண்டிகளில் அவ்வேலையைச் செய்வது ஒரு சிறு உணரி. மெக்கானிக்குகள் இதனைச் சென்சர் என்பர். விரற்கணு அளவினதாகிய இது, எஞ்சினைச் சுற்றியோடும் நீரில் தன் நுனியை அமிழ்த்தியவாறு இருக்கும். முன்னாளில் காலைவேளையிற் சாரதி 'சோக்'கை இழுத்து எஞ்சினுக்குக் கூடுதலான எரிபொருள் கொடுத்தானன்றோ? இப்பொழுது எஞ்சினின் கணினி இவ்வுணரியின் சொற்கேட்டு அதனைச் செய்கின்றது. உணரி பொய் சொன்னால், நடுப்பகலிலும் 'சோக்' இழுத்தபடியே வண்டி ஓடும். கரும்புகை வரும், எரிபொருள் வீணாகும். 2022ஆம் ஆண்டில், கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் என்று பெற்றோல் பங்கிடப்பட்டபோது இவ்விரயத்தின் கனம் எத்தகையது என்பதை அன்பர்கள் எளிதில் உணர்வர். கலப்பின வண்டிகளிலோ, நீர் இன்னும் குளிர்ந்திருக்கின்றதென்று கணினி எண்ணுமாயின் நின்றிருக்க வேண்டிய எஞ்சின் நில்லாது ஓடிக்கொண்டே இருக்கும்.

இக்கருவியின் உள்ளே இருப்பது, சூடேறச் சூடேற மின்தடை குறையும் ஒரு பொருளாகும். உலோகக் கம்பியில் வெப்பம் ஏறத் தடையும் ஏறும் என்று நம் ஆய்வுகூடத்தில் படித்தோம். இஃது அதற்கு நேர்மாறானது. வெள்ளிச் சல்பைட்டில் இவ்வியல்பினை மைக்கேல் பரடே 1833ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். பல யப்பானிய வண்டிகளின் உணரி 20 பாகைச் செல்சியசில் ஏறத்தாழ 2,500 ஓம் தடையும், 80 பாகையில் ஏறத்தாழ 300 ஓம் தடையும் காட்டும். கணினி 5 வோல்ற்று அழுத்தத்தை ஒரு நிலையான தடையினூடாக உணரிக்கு அனுப்பி, உணரியின் மேல் எஞ்சி நிற்கும் வோல்ற்றளவை அளக்கின்றது. அளவு மிகுந்தால் குளிர், குறைந்தால் சூடு. இதனை மனத்திற் கொண்டால் நோயறிதல் கடினமன்று.

கம்பி அறுந்தால் தடை எல்லையற்றதாகும். கணினியோ நீரின் வெப்பம் மறை 40 பாகை என்று படிக்கும். மார்கழிப் பனியிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதாகிய நம் குடாநாட்டில், துருவப்பனியில் நிற்பதாக எண்ணும் வண்டியை ஐயுறுவதற்குப் பெரும்புலமை வேண்டுவதில்லை. மாறாக, உணரி உள்ளே குறுக்குற்றால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே 140 பாகை அளவில் வெப்பம் தோன்றும். முன்னதற்கு 'பி 0118' என்றும் பின்னதற்கு 'பி 0117' என்றும் குறியீடுகள் பதிவாகும். ஆனால், குறியீட்டைக் கண்டவுடன் புதிய உணரி வாங்க ஓடுதல் கூடாது. குறியீடு சுட்டுவது மின்சுற்றினையேயன்றி உணரியை மாத்திரமன்று. இணைப்பியிற் பச்சை பூத்திருப்பினும் அதே குறியீடு வரும். பண்ணைப் பாலம், ஊர்காவற்றுறைப் பக்கங்களின் உப்புக்காற்றில் ஓடும் வண்டிகளில் இஃது அடிக்கடி நேர்வது.

உண்மையறிய எளிய வழி உண்டு. மறை 40 காட்டினால், இருகம்பி உணரியின் இணைப்பியைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துப் பார்க்க வேண்டும். வாசிப்பு உச்சத்திற்குத் தாவினால் கணினியும் கம்பிகளும் நலமே, குற்றம் உணரியினது. தாவாவிடின், குற்றம் கம்பியிலோ இணைப்பியிலோ, அருமையாகக் கணினியிலோ உளது. உச்சம் காட்டும் வண்டியில் இணைப்பியைக் கழற்றினாலே போதும். வாசிப்பு மறை 40க்கு வீழ்ந்தால் உணரியே குறுக்குற்றது.

முற்றாகக் கெட்ட உணரியைக் கண்டறிவது எளிது. அரைகுறையாய்ப் பொய்யுரைப்பதே கொடியது. அதற்குக் குறியீடும் வாராது, விளக்கும் எரியாது. இதற்கு உகந்த வேளை, இரவு முழுதும் ஓய்ந்திருந்த வண்டியின் அதிகாலையாகும். எஞ்சினை இயக்காது திறப்பை மட்டும் திருப்பி, நீரின் வெப்பத்தையும் உட்செல்லும் காற்றின் வெப்பத்தையும் சோதனைக்கருவியில் ஒப்பு நோக்குக. இரண்டும் ஏறத்தாழ ஒத்திருத்தல் வேண்டும். காற்று 27 என்றும் நீர் 8 என்றும் காட்டினால், உணரியைக் கழற்றி, வெப்பமானியுடன் கூடிய வெந்நீர்ப் பாத்திரத்தில் நுனியைத் தொங்கவிட்டுப் பல்மானியால் தடையை அளக்க. நீர் ஆறும்போது தடை தடங்கலின்றி ஏறவேண்டும். இடையே துள்ளுமாயின் அதனை எறிந்துவிடலாம்.

இனி, உணரியின் தலையிற் பிறர் குற்றத்தைச் சுமத்தும் வழக்கமொன்றும் உண்டு. "நமது நாடு வெயில் நாடு, தேமோஸ்ரற்று எதற்கு?" என்று கூறி அதனைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட்டிய ஊரிலே இவ்வாறு பேசப்படுவது விந்தையே! அக்கதவு இல்லாத எஞ்சின் உரிய 85, 90 பாகையை எட்ட நெடுநேரம் ஆகும். கணினி அதுவரை எரிபொருளை மிகையாகவே ஊட்டும். உணரியோ உள்ளதை உள்ளபடி உரைக்கின்றது. உணரியை மூன்று முறை மாற்றினாலும் இக்குறை தீராது.

நம் கிணற்று நீரையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். சுண்ணக்கல்லினூடு ஊறிவரும் இந்நீர் கேத்தலின் அடியில் வெண்படை படியவைப்பதை எல்லோரும் அறிவர். எஞ்சினுள்ளும் றேடியேற்றரிலும் அதுவே நிகழ்கின்றது. படை மூடிய உணரி நுனி வெப்பத்தைக் காலந்தாழ்த்தியே அறியும். நீர் முற்றாய் ஒழுகிப்போனாலோ இடர் பன்மடங்கு: உணரி நீரிலன்றி ஆவியிலும் காற்றிலும் நிற்பதனால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் தாழ்ந்து காட்டலாம். அதனை நம்பி இன்னும் சில கட்டை ஓடினால் அலுமினியச் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். அச்செலவோடு ஒப்பிடின் உணரியின் விலை ஒரு பொருட்டன்று. ஆதலின், முள் சூடு காட்டினும் திடீரெனத் தாழ்ந்தாலும் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறியபின்னர் முதலில் நீரளவையே பார்க்க வேண்டும். சூடாயிருக்கையில் மூடியைத் திறத்தல் கூடவே கூடாது; அழுத்தத்தில் அடைபட்ட வெந்நீர் முகத்திற் பீறிடும்.

ஐயந்தீர, தொடாது அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் உணரியின் அருகே எஞ்சினின் வெப்பத்தை அளந்து ஒப்பிடலாம். 2020இல் வீடுதோறும் வந்து சேர்ந்த நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது. அது மனிதக் காய்ச்சலுக்கே போதுமானது.

புதிய உணரியைப் பூட்டும்போது கிணற்று நீரை விடாது, காய்ச்சி வடித்த நீருடன் கலந்த குளிரூட்டித் திரவத்தை விட்டு, உள்ளே அகப்பட்ட காற்றை முற்றாக வெளியேற்றுக. பழைய குறியீட்டை அழித்த பின்னர், மறுநாட் காலையில், எஞ்சினை இயக்குமுன், இரு வெப்பங்களையும் மீண்டுமொருமுறை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.