வாயிலில் நிற்கும் மருந்து

நோய்க்கு மருந்து ஆயத்தமான பின்னரும் அது நோயாளியின் கைக்கு எட்டாவிடின் பயன் யாது? கைத்தொலைபேசிகளின் நிலையும் சிலவேளை இவ்வாறே ஆகிவிடுகின்றது.

2015 ஜூலையில், அண்ட்ரோயிட் கைத்தொலைபேசிகளில் ‘ஸ்டேஜ்பிரைட்’ எனப்பட்ட குறைபாடு வெளியாயிற்று. படச்செய்தி ஒன்றை அனுப்பியே அந்நியர் கருவியினுள் நுழைந்துவிடலாம் என்பது கண்டு பலரும் திடுக்கிட்டனர். கூகிள் நிறுவனம் திருத்தத்தை ஆயத்தம் செய்தது. ஆயினும் அமெரிக்காவில் அத்திருத்தம் பெரும்பாலும் இரு வாயில்களைக் கடக்கவேண்டியிருந்தது. கருவியைச் செய்த கம்பனி அதனைத் தன் மாதிரிக்கு ஏற்ப அமைத்தல் வேண்டும். பின்னர், தொலைபேசிச் சேவைக் கம்பனி பரிசோதித்து இசைவு தருதல் வேண்டும். இதற்குள் வாரங்கள் மாதங்களாயின. பழைய கருவிகள் பலவற்றுக்குத் திருத்தம் வரவேயில்லை.

பிழையான திருத்தம் அழைப்புகளையே முடக்கிவிடக்கூடும். ஆதலின் பரிசோதனை அவசியமே. ஆனால், அது முடியும்வரை ஆபத்தைச் சுமப்பவர் கம்பனியார் அல்லர், பணங்கொடுத்து வாங்கியவரே. 2016 மே மாதத்தில் அமெரிக்க அரசின் இரு ஆணைக்குழுக்கள் இவ்விஷயத்தில் கம்பனிகளிடம் விளக்கம் கேட்டமைக்கும் இக்கவலையே காரணம்.

ஆதலின், புதிய கருவி வாங்குவோர் அதன் அழகையும் படப்பிடிப்பையும் மட்டும் பாராது, “திருத்தங்கள் எத்தனை ஆண்டுகளுக்கு, யார் வழியாக வரும்?” என்றும் வினவுதல் நன்று.